இரண்டு பாகம் கயிறு

வடிவு கடையில் மணி ஒன்று இருந்தது. தலைக்குள் இருக்கும் ஓ.எஸ்.ஸை மாற்றும்போது ஆள் பாதி மயக்கத்தில் கிடப்பான். வாய் ஓடாது, கை மட்டும் லேசாக அசையும். போதும், நிறுத்து என்று சொல்ல நினைத்தால் அமுக்குவதற்கு ஒரு பொத்தானைக் கைக்குள் கொடுப்பார்கள். அமுக்கினால் மேசையில் மணி அடிக்கும். ஊர் உலகமெல்லாம் இப்படித்தான். கடலுக்குள் இறங்கும் குளியாளிகளிடம் மட்டும் இந்தப் பருப்பு வேகாது. அவர்கள் வரும்போதே பைக்குள் கயிறு கொண்டுவந்துவிடுவார்கள்.

சந்தியாகுவும் கொண்டுவந்திருந்தார். தங்கை ரோசலினின் புருஷன் கஸ்பாரைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, அவர் வலது மணிக்கட்டில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டினார். மறுமுனையைத் தன் இடது கையில் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பொத்தான் இருக்குல்லா அண்ணாச்சி" என்றாள் வடிவு. முழுப்பெயர் முத்துவடிவு. பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தவள், மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு தூத்துக்குடிக்கே திரும்பிவிட்டாள். இன்னும் அந்தச் சண்டையை யாரோடாவது தொடர்ந்துகொண்டேதான் இருந்தாள்.

"இருக்கட்டும்" என்றார் சந்தியாகு. "ஒரு தடவ இழுத்தாருன்னா தூக்கணும். ரெண்டு தடவ இழுத்தாருன்னா இன்னும் கயிறு விடணும். அவ்வளவுதான் கணக்கு."

"இங்க தூக்குறதுன்னா இந்தச் சிவப்புக் கீய அமுக்குறது. அமுக்கினா எல்லாம் நின்னுரும், பழையபடி ஓ.எஸ். பத்துக்கே போயிருவாரு. தெரிஞ்சுதா?"

சந்தியாகு தலையாட்டினார். வலது கை விரலைச் சிவப்புக் கீயின் மேல் வைத்துக்கொண்டார்.

கயிறு பிடிப்பது மச்சான் வேலை. இது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. கீழே இறங்குகிறவனின் கயிறு, அவன் பெண்டாட்டியின் அண்ணன் கையிலோ தம்பி கையிலோதான் இருக்க வேண்டும். மற்றவன் கொட்டாவி விடுவான், பீடி பற்றவைப்பான், பக்கத்துப் படகுக்காரனோடு வாயாடுவான். தங்கச்சி தாலி அறுக்கக் கூடாது என்று நினைக்கிறவனுக்குக் கண் கயிற்றை விட்டு நகராது. சங்குக்கும் முத்துக்கும் இறங்கிய காலம் போய், ஆழ்கடல் தரையில் கிடக்கும் உலோகக் கட்டிகளைப் பொறுக்க இறங்கும் காலம் வந்த பிறகும் அது மாறவில்லை. அந்தக் கட்டிகளுக்குக் கப்பலில் கிழங்கு என்று பெயர். கிழங்குக் கம்பெனி முதலில் எல்லாருக்கும் கயிறு இழுக்க இயந்திர ராட்டினம் வைத்துப் பார்த்தது. ஒருவனும் இறங்கவில்லை. கடைசியில், கீழே இருப்பவன் இழுத்தால் மேலே இருப்பவன் விரலில் அதே இழுப்பைக் கொடுக்கும் ஒரு வளையத்தைச் செய்து, மச்சான்மார் விரலில் மாட்டி, கயிற்றை விடவும் தூக்கவும் ஒரு கைப்பிடியும் கொடுத்து, சம்பளமும் போட்டுக் கப்பலில் உட்காரவைத்தது. கல்யாணம் ஆகாத பையன்களுக்கு மட்டும்தான் ராட்டினம். அவர்களுக்குத்தான் மச்சான் கிடையாதே.

அந்த ஆழத்தில் சுவாசிக்கும் காற்றுக் கலவைக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. நாளாக நாளாக, பார்த்தது கேட்டது எதுவும் மண்டையில் ஒட்டாது. அதனால் ஒவ்வொருவருக்கும் காதுக்குப் பின்னால் ஒரு டிஸ்க். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வாழ்ந்த வாழ்க்கை எல்லாம் அதில்தான் பதியும். அதை ஓட்டும் ஓ.எஸ். முதலில் ஏழு. பிறகு பத்து. பத்து வந்தபோது டிஸ்க்கையும் பெரிதாக மாற்றிக்கொடுத்தார்கள்.

பத்தில் ஒரு புதுமை உண்டு. அது பயத்தை அடக்கும். பயந்தவன் காற்றை அதிகம் குடிப்பான், தப்பு செய்வான், செத்துப்போவான். பயப்படாதவன் பிழைத்துக்கொள்வான். கம்பெனி சொன்ன கணக்கு சரிதான், விபத்துகள் குறைந்தன. கயிறு பிடிப்பவர்கள் பதறினாலும் ஆபத்து என்று அவர்களுக்கும் டிஸ்க்கைப் பொருத்திப் பத்தைப் போட்டார்கள். பயத்தை மட்டும் தனியாகப் பிரித்து அடக்கத் தெரியவில்லை என்பதைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்கள்.

ஊர் மெல்ல மாறியது. கால்பந்து ஆட்டத்தில் கோல் விழுந்தால் ஆண்கள் பக்கம் தலையை மட்டும் ஆட்டினார்கள். சாராயக் கடையில் சண்டை நின்றது, பிறகு கடையே நின்றது. கை ஓங்கும் புருஷன்கள் கை ஓங்கவில்லை. பெண்களுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. சமைத்தது நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், "உப்பு சரியா இருக்கு" என்பார்கள். பிள்ளை பிறந்திருக்கிறது என்றால், "எடை எவ்வளவு?" என்பார்கள். இதற்கெல்லாம் போய் யாரிடம் குறை சொல்ல முடியும்?

அப்புறம் லியோ செத்துப்போனான்.

லியோ, ரோசலினுக்கும் கஸ்பாருக்கும் ஒரே மகன். அப்பாவோடு அதே குழுவில் இறங்கியவன். கல்யாணம் ஆகவில்லை, அதனால் ராட்டினம். கிழங்கு அள்ளும் இரும்புச் சட்டகம் சரிந்து, அவன் கயிறு அதற்கடியில் மாட்டிக்கொண்டது. ராட்டினம் இழுத்துப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. கஸ்பாரைச் சந்தியாகு தூக்கிவிட்டார். லியோ மேலே வரவில்லை.

கஸ்பார் கரைக்கு வந்து, வீட்டுக்கு நடந்து வந்து, ரோசலினிடம் சொன்னார்: "லியோ இறந்துட்டான். காற்று தீர்ந்துருக்கும்." சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். சவப்பெட்டி இல்லாத அடக்கப் பூசையில் பாட்டுப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறந்து வைத்திருந்தார். சந்தியாகு பக்கத்தில் நின்றார். லியோவைத் தூக்கி வளர்த்த மாமா அவர். கல்யாணமே செய்துகொள்ளாதவர், பிள்ளை என்று அவருக்கு இருந்ததும் லியோ ஒருவன்தான். அவருக்கும் அன்று கால் வலித்தது, அவ்வளவுதான். வலித்த கால் இடதுகால் என்பது இன்றும் நினைவிருக்கிறது.

வருடப் பூசை நெருங்கியபோது ரோசலின் அண்ணன் வீட்டுக்கு வந்து நின்றாள். அவளுக்கு டிஸ்க்கும் இல்லை, பத்தும் இல்லை.

"மூணு பேருக்கும் சேத்து நான் ஒருத்தியே அழுதுட்டிருக்கேம்ணே" என்றாள். "என்னால முடியல. அவருக்குப் பழைய ஏழப் போடணும். மக்ரூன் கடை மாடில ஒரு பிள்ள போடுதாளாம். நீ கயிறு பிடிக்க வா."

"ஏழு போட்டா கம்பெனில இறக்க மாட்டாவ. வேல போயிரும்."

"போட்டும். கருவாடு வித்துப் பொழைச்சுக்கிடுதேன்."

"சரி" என்றார் சந்தியாகு. மறுப்பதற்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை. கஸ்பாரிடம் கேட்டபோது அவரும், "பழுதில்ல, போடட்டும்" என்றார். பத்து போட்ட ஆண்களிடம் சம்மதம் வாங்குவதைப்போல லேசான காரியம் உலகத்தில் கிடையாது.

இப்படித்தான் அந்த மத்தியானம் அவர்கள் மூவரும் வடிவு கடைக்கு வந்தார்கள். கீழே அடுப்பில் மக்ரூன் வெந்துகொண்டிருந்தது. முந்திரியும் சர்க்கரையும் முட்டையும் சேர்ந்த வாசனை மாடிப்படி ஏறி வந்தது. சந்தியாகு அதைக் கவனித்தார்: மக்ரூன் வாசனை. வேறொன்றும் இல்லை.

வடிவு கஸ்பாரின் காதுக்குப் பின்னால் இருந்த மூடியைத் திறந்து ஒயரைச் செருகினாள். ஏழைப் போட ஆரம்பித்தாள். திரையில் எழுத்துகள் ஓடின, ஓடின, நின்றன.

டிஸ்க் எதுவும் காணப்படவில்லை.

ரோசலின் எழுத்துக்கூட்டிப் படித்தாள். முகம் வெளுத்துவிட்டது. "இல்லன்னு சொல்லுதே. அப்ப அவருக்குள்ள ஒண்ணுமே இல்லியா? எல்லாம் போயிட்டா?"

"எக்கா, உக்காருங்க மொதல்ல. டிஸ்க்கு எங்கயும் போகல." வடிவு ஒயரைப் பிடுங்கி, முனையைத் துணியால் துடைத்து, மறுபடி செருகினாள். காதுக்குப் பின்னால் பச்சை விளக்கு சிமிட்டியது. "பாருங்க, உசுரோட இருக்கு. பத்தும் இதே டிஸ்க்குலதான் இவ்வளவு நேரமும் ஓடுச்சு. ஏழுக்குத்தான் இது தெரிய மாட்டேங்கு."

"கண்ணுக்கு முன்னால இருக்கிறது எப்படித் தெரியாமப் போகும்?"

"ஏழு எழுதின காலத்துல இந்த மாதிரி டிஸ்க்கே கிடையாது. அதுக்குத் தெரிஞ்ச பாஷைல கூப்பிடுது. இது புதுசு, வேற பாஷை. பதில் வரல. பதில் வரலன்னா, ஆளே இல்லன்னு முடிவு கட்டிருது." அவள் ஒரு நிலக்கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். "வழி இருக்கு. டிஸ்க்கப் பழைய டிஸ்க்கு மாதிரி நடிக்கச் சொல்லலாம். ஓ.எஸ்.ஸுக்கும் அடியில பயாஸ்னு ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள போயி மாத்தணும்."

மாற்றினாள். மறுபடி ஏழை ஆரம்பித்தாள். இந்த முறை டிஸ்க் தெரிந்தது. ரோசலின் பெருமூச்சு விட்டாள். வடிவு விடவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டு மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"என்ன?" என்றார் சந்தியாகு.

"பாதிதான் தெரியுது அண்ணாச்சி. இவ்வளவு பெரிய டிஸ்க்க ஏழு கண்டதில்ல. அதுக்கு எண்ணத் தெரிஞ்ச வரைக்கும் எண்ணுது, மீதிய காலி இடம்னு காட்டுது."

"காலியா?"

"காலி இல்ல. பத்து வந்த பெறவு நடந்தது எல்லாம் அந்தப் பக்கத்துலதான் இருக்கு." அவள் ரோசலினைப் பார்த்தாள். "எக்கா, ஒண்ணு சொல்லுதேன். பதறாமக் கேளுங்க. இப்படியே போட்டு எழுப்பினா, பத்துக்கு முன்னால இருந்த மனுசனா எழுந்திரிப்பாரு. சிரிப்பாரு, கோவப்படுவாரு. ஆனா லியோ இறந்தது அவருக்குத் தெரியாது. லியோ வீட்டுல இருக்கான்னுதான் நெனைப்பாரு. இனிமே நடக்கிறத அந்தக் காலி இடத்துல எழுத ஆரம்பிச்சுரும். எழுதிட்டா, அங்க இருந்தது அழிஞ்சது அழிஞ்சதுதான்."

ரோசலின் புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எதுவும் இல்லை. ஒரு வருஷமாக எதுவும் இல்லாத முகம்.

"லியோ எங்கன்னு கேப்பாரே" என்றாள்.

"கேப்பாரு. நீங்க கப்பலுக்குப் போயிருக்கான்னு சொல்லலாம். சில பேரு அப்படிச் செஞ்சிருக்காங்க. நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்."

ரோசலின் வெகுநேரம் யோசித்தாள். ஆசை வந்தது. வராது என்று யாராவது சொன்னால் அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்று அர்த்தம். ஒரு வீட்டில் ஒருவருக்காவது லியோ உயிரோடு இருப்பான். சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பையன் இன்னும் வரவில்லையே என்று திட்டுவார். அந்தத் திட்டைக் கேட்க அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"வேண்டாம்" என்றாள் கடைசியில். "அவரு காத்துட்டிருப்பாரு, நான் அவரப் பாத்துட்டிருக்கணும். அதுக்கு இதுவே தேவல. முழுசாத் தெரியணும். வழி இருக்கா இல்லியா?"

"இருக்கு. டிரைவர் போடணும். இந்த டிஸ்க்குப் பாஷைய ஏழுக்குச் சொல்லிக் கொடுக்கிற துண்டு. கம்பெனி தராது. கொழும்புல ஒரு பையன் எழுதி வச்சிருக்கான், நானும் நாலஞ்சு பேருக்குப் போட்டிருக்கேன்." வடிவு மேசை இழுப்பறைக்குள்ளிருந்து நகத்தளவு கார்டு ஒன்றைத் தேடி எடுத்தாள். "ஒரே சிக்கல். டிரைவர் ஏறுறப்பவே டிஸ்க்கு முழுசும் தொறந்துரும். மயக்கத்துலயே எல்லாம் அவரு மேல வந்து விழும், தணிப்பு எதுவும் இருக்காது. நெஞ்சுத் துடிப்பு ஏறும். ரொம்ப ஏறிச்சுன்னா நிறுத்திரணும். அது அண்ணாச்சி கைல இருக்கு."

சந்தியாகு விரலைச் சிவப்புக் கீயின் மேல் சரியாக வைத்துக்கொண்டார்.

கார்டு ஏறியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. திரையில் காலி என்று காட்டிய பாதி, ஓரத்திலிருந்து மெதுவாக நிறம் மாறத் தொடங்கியது. கஸ்பாரின் இமைக்குள் கண் உருண்டது. நெஞ்சுத் துடிப்பின் கோடு ஏறியது. நெற்றியில் வியர்வை பொடித்தது. அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதர் பேசுகிற சத்தமில்லை.

கயிறு இழுபட்டது. ஒன்று. இரண்டு.

சந்தியாகுவின் விரல் கீயை அமுக்கப் போய்விட்டது. யோசித்துப் போகவில்லை. கப்பலில் சட்டம் அப்படி: சந்தேகம் வந்தால் தூக்கு. கயிறு பிடித்த காலமெல்லாம் அந்தக் கை அப்படித்தான் பழகியிருந்தது.

"அண்ணே!" ரோசலின் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "ரெண்டு தடவல்லா இழுத்தாரு. ரெண்டுன்னா என்ன?"

"இன்னும் கயிறு கேக்காரு."

"பெறவு ஏன் தூக்கப் போற?"

"துடிப்பு ஏறுது."

மறுபடி இழுபட்டது. ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு. வடிவு திரையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "இப்ப வரைக்கும் பயமில்ல. உங்க இஷ்டம் அண்ணாச்சி."

"குடுண்ணே" என்றாள் ரோசலின். "கேக்காருல்லா. குடு."

சந்தியாகு சிவப்புக் கீயிலிருந்து விரலை எடுத்தார். இடது கையில் சுற்றியிருந்த கயிற்றில் ஒரு சுற்றை அவிழ்த்து விட்டார். கஸ்பாரின் கை நாற்காலியை விட்டு இறங்கி, முன்னால் நீண்டு, எதையோ எட்டிப்பிடிப்பதுபோல் விரல்களை விரித்தது. சந்தியாகு இன்னொரு சுற்றையும் விட்டார். அந்தக் கை காற்றில் எதையோ பற்றியது. அப்படியே இறுக மூடிக்கொண்டது.

திரை முழுதும் ஒரே நிறமாகியது. ஏழு ஓட ஆரம்பித்தது.

கஸ்பார் கண் திறக்கவில்லை. முதலில் வாய் கோணியது. பிறகு அழுதார். ஒரு வருஷத்து அழுகை. சின்னப்பிள்ளை அழுவதுபோல் மூக்கு ஒழுக, உடம்பு குலுங்க, "லியோ, எய்யா, லியோ" என்று அழுதார். ரோசலின் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்து அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள். வடிவு சன்னலருகே போய்த் திரும்பி நின்றாள். சந்தியாகு கயிற்றைச் சுருட்டினார்.

அழுகை அடங்க நேரமாயிற்று. கஸ்பார் மூடிய கையை மெதுவாகத் திறந்து வெறும் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மச்சானைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. கோபம் வருவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் தேவைப்படும்.

"இப்ப விட்டீயளே" என்றார். "அன்னைக்கு ஏம் மச்சான் விடல?"

ரோசலின் தலையைத் தூக்கினாள்.

"அவன் லைட்டு தெரிஞ்சுது. கை அசைச்சான். இன்னும் ரெண்டு பாகம் கயிறு. ரெண்டே பாகம் விட்டிருந்தா மாட்டின கயித்த அறுத்து அவன இழுத்துக்கிட்டு வந்திருப்பேன். ரெண்டு தடவ இழுத்தேன். திரும்பத் திரும்ப இழுத்தேன். நீங்க தூக்கிட்டிய."

ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். ரோசலின் அண்ணனின் கைகளைப் பார்த்தாள். அவை கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தியிருந்தன.

"நெசமாண்ணே?"

"ஆமா" என்றார் சந்தியாகு. "ரெண்டு தடவதான் இழுத்தாரு. நான் தூக்கினேன். விசாரணைலயும் அப்படியேதான் சொன்னேன். தூக்கினது சரின்னு சொல்லிட்டாவ."

"எங்கிட்டச் சொல்லலியே."

"நீ கேக்கலியே."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க? ஒரு வருஷமா ஒரே வீட்டுல..."

"தெரியும் ரோசு" என்றார் கஸ்பார். "எல்லாம் தெரியும். சொல்லணும்னு தோணவே இல்ல. எதுவுமே தோணல." சொல்லிவிட்டு மறுபடி முகத்தை மூடிக்கொண்டார்.

ரோசலின் எழுந்து அண்ணன் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று வடிவு நினைத்தாள். அடிக்கவில்லை.

"ஏண்ணே தூக்கின?"

சந்தியாகு யோசித்தார். அந்த நேரத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். அது அழுக்குப்படாமல் அப்படியே இருந்தது. விரலில் வளையம் இழுத்தது, எண்ணியது, முடிவெடுத்தது. "கீழ போனா ரெண்டு பேரும் வராமப் போகலாம். மாப்ளையாவது வரணும். நீ இருக்கியே" என்றார். "உனக்காகத்தான பிடிக்கேன்."

"எனக்காக."

"ஆமா."

"இப்ப உனக்கு எப்படிண்ணே இருக்கு?"

அவர் நேர்மையாகப் பார்த்துச் சொன்னார். "ஒண்ணும் இல்ல. நாக்கு வறண்டிருக்கு."

ரோசலின் புருஷனைக் கைத்தாங்கலாக எழுப்பி ஸ்டூலில் உட்காரவைத்தாள். நாற்காலியைக் காட்டினாள்.

"ஏறு."

"நானா?"

"நீதான். அவன எடுத்து வளர்த்தவன் நீ. அவனுக்காக ஒரு சொட்டுத் தண்ணி விட்டிருக்கியா? ஏறிப் படு."

"எக்கா, யோசிச்சுச் செய்யுங்க" என்றாள் வடிவு. "அவருக்கு வயசாயிட்டு. நெஞ்சு தாங்கணும்." பிறகு அவரிடமே கேட்டாள். "அண்ணாச்சி, சம்மதமா?"

"பழுதில்ல" என்றார் சந்தியாகு. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் ஏறிப் படுத்தார். "எனக்குக் கயிறு பிடிக்க மச்சான் கிடையாது. அந்தப் பொத்தானக் குடு."

வடிவு பொத்தானை நீட்டினாள். ரோசலின் அதை வாங்கி மேசைமேல் வைத்தாள். தரையில் கிடந்த கயிற்றை எடுத்து அண்ணனின் மணிக்கட்டில் கட்டினாள். பெண்கள் கயிறு பிடித்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. முடிச்சு என்னவோ சரியாகத்தான் விழுந்தது. மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

"ஒரு தடவ இழுத்தா?" என்று கேட்டாள்.

"தூக்கணும்."

"ரெண்டு தடவ இழுத்தா?"

"கயிறு விடணும்."

"சரி" என்றாள்.

வடிவு காதுக்குப் பின்னால் மூடியைத் திறந்தாள். அதே மாதிரி டிஸ்க்தான். ஏழைப் போட்டதும் அதே எழுத்துகள் வந்து நின்றன. டிஸ்க் எதுவும் காணப்படவில்லை. இந்தத் தடவை யாரும் பதறவில்லை. வடிவு நேராகக் கார்டைச் செருகினாள்.

சந்தியாகுவுக்கு முதலில் வெறும் இருட்டாக இருந்தது. பிறகு வாசனை வந்தது. மக்ரூன் வாசனை. இத்தனை நேரமும் இருந்ததுதான், ஆனால் இப்போது அது வாய்க்குள் வந்து எச்சில் ஊறியது. கூடவே ஒரு சின்னக் கை வந்தது. தோளில் உட்கார்ந்திருக்கும் பையன், மக்ரூனை நசுக்கிய பிசுபிசுத்த கையால் அவர் காதைப் பிடித்துத் திருகி, "மாமா, கடலுக்குப் போவோம்" என்கிறான். சந்தியாகு சிரித்தார். எவ்வளவு காலமாயிற்று! நெஞ்சு நிறைந்து, வலித்தது.

பையன் வளர்ந்தான். மீசை வந்தது. கப்பலில் ராட்டினத்தின் கொக்கியை மாட்டிக்கொண்டு, "எனக்கும் நீங்களே பிடிக்கலாம்ல மாமா" என்று கேட்டான். சட்டத்தில் இடமில்லை என்று அவர் சொன்னார். விளையாட்டுக்குத்தான் கேட்டேன் என்று சிரித்துவிட்டு இறங்கினான். பிறகு வளையம் விரலில் இழுத்தது. ஒன்று, இரண்டு. அவருக்கு முன்னால் கடலடியைக் காட்டும் திரையில் ஒரு சின்ன வெளிச்சம். அது அசைந்தது. அசைவது லியோ என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஒன்று, இரண்டு. இரண்டு பாகம். அவர் கைப்பிடியைப் பிடித்தார். எந்தப் பக்கம் திருப்பினார் என்பது அவருக்குத் தெரியும், அதை இப்போது மறுபடி பார்க்க வேண்டும், முழுதாக, தணிப்பே இல்லாமல். வெளிச்சம் சிறுத்துக்கொண்டே போனது. அசைவதை அது நிறுத்தவில்லை.

தாங்க முடியவில்லை. உயிர் போகிற வலி என்பார்களே, அதுதான். சந்தியாகு இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கையை அசைத்தார். கயிற்றை இழுத்தார். ஒரே ஒரு தடவை.

மேலே கயிறு விறைத்து நின்றது. ரோசலின் பிடித்திருக்கிறாள் என்பது தெரிந்தது.

பிறகு ஒரு சுற்று அவிழ்ந்து, கயிறு தளர்ந்தது.